பிரசங்க பீடமும் பந்தி வரிசையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேடையேறிப் பேசும் தகுதி நமக்கு உண்டென்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்துப் பேரேடுகளோடு காலங் கழிப்பவர்க்குச் சொற்பொழிவு எதற்கு? ஆயினும், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து இப்பால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கூடும் இவ்விழாவில், இவ்வாண்டு 'சமயமும் சமூகமும்' என்னும் பொதுத்தலைப்பில் ஒவ்வொருவரும் தத்தம் சமய மரபைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயற்குழுவினர் முடிவு செய்தனர். திருமுறை பயின்ற அன்பரும், திருக்குர்ஆன் கற்ற நண்பரும் நமக்கு முன்னர் அழகுறப் பேசினர். சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையில் பிறந்து வளர்ந்த நாம், அச்சபையின் குருமார் ஞாயிறுதோறும் செய்யும் பிரசங்கங்களில் ஊரின் நன்மை தீமைகளை எவ்வாறு பேசினர், அப்பேச்சு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

இந்தப் பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் ஆனைகட்டியில் கேட்ட ஒரு பிரசங்கம். அதிலிருந்தே தொடங்குவோம்.

ஆனைகட்டியை உங்களில் பலர் அறிவீர்கள். கோவையிலிருந்து தடாகம் வழியாக மலையேறிச் செல்லும் சாலை அங்கே தமிழ்நாட்டைக் கடந்து கேரளத்து அட்டப்பாடிக்குள் இறங்குகிறது. அகளி வழியாக மண்ணார்க்காடு செல்லும் பேருந்துகள் அவ்வழியே போகின்றன. ஓர் ஊரே இரண்டு மாநிலத்துப் பெயர்ப்பலகைகளோடு நிற்கிறது. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்க, சுற்றியுள்ள ஊர்களில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். எல்லைக் கோடு மனிதருக்கு எவ்வளவு பொருளற்றது என்பதை அங்கே மதுவின் வரலாறு காட்டும். அட்டப்பாடியில் பழங்குடி மக்களின் நலன் கருதிக் கேரள அரசு 1990-களில் மதுவைத் தடை செய்தது. ஆனால் எல்லைக்கு இப்புறம், நடந்து செல்லும் தொலைவில், தமிழ்நாட்டு அரசின் மதுக்கடை இருந்தது. சட்டம் எல்லையில் நின்றுவிட்டது. மனிதன் எல்லையைக் கடந்து போய்க் குடித்துவிட்டு வந்தான். 2016-ஆம் ஆண்டில் அட்டப்பாடியின் பழங்குடித் தாய்மார் 'தாய்க்குல சங்கம்' என்ற பெயரில் ஒன்றுகூடி, எல்லையைத் தாங்களும் கடந்து வந்து அக்கடையின் முன் போராடினர். கடை மூடப்பட்டது. படித்தவர் பலர் செய்ய இயலாததை எழுத்தறியாத பெண்கள் பலர் செய்து முடித்தனர்.

அந்தப் பக்கத்தில் உறவினர் ஒருவர் வீட்டிற்கு நாம் சென்றிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு சிறு ஆலயத்தில் முப்பது பேருக்கு மேற்படாத சபை கூடியிருந்தது. குருவானவர் முதியவர். குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தொடக்கத்தில் எல்லோரும் தலையை அசைத்தோம். குடிப்பவன் குடும்பத்தைக் கெடுக்கிறான், பிள்ளைகளைப் பட்டினி போடுகிறான் என்று அவர் சொன்னவை எல்லாம் நாம் அறிந்தவையே. அவற்றைக் கேட்பதில் ஓர் இன்பமும் உண்டு, ஏனெனில் அவை பிறரைப் பற்றியவை. பின்னர் அவர் ஒரு கதை சொன்னார். ஒரு தோட்டக்காரர், சனிக்கிழமை மாலையில் கூலி கொடுப்பவர். கூலியைக் குறைத்துவிட்டு, குறைத்ததை ஈடு செய்ய ஒரு புட்டியைக் கையில் வைப்பார். வாங்கியவன் ஞாயிறு முழுவதும் மயங்கிக் கிடப்பான். திங்களன்று கடனாளியாக அதே தோட்டத்திற்கு வருவான். "இப்போது சொல்லுங்கள், குடித்த பாவம் யாருடையது?" என்று கேட்டு நிறுத்தினார். ஆலயத்தில் ஓசையே இல்லை. முன்வரிசையில் நிலபுலம் உடையோர் இருவர் இருந்தனர் என்பதை நாம் பிறகே அறிந்தோம். ஆராதனை முடிந்து வாசலில் குருவானவர் நின்று கைகுலுக்கியபோது அவர்களில் ஒருவர் வேறு வழியாய்ப் போய்விட்டார். கிழவர் அதைக் கண்டும் காணாதவர்போல் நின்றார். அவருடைய உணவுக்குப் பெரும்பங்கு அவ்விருவர் அளிக்கும் காணிக்கையிலிருந்து வருவது என்று உறவினர் நமக்குச் சொன்னார்.

நண்பர்களே, பிரசங்கம் என்னும் கலையைக் குறித்து நாம் அறிந்த உண்மை எல்லாம் அன்று வாசலில் கண்டதே. பிறர் குற்றத்தைப் பேசும் பிரசங்கத்திற்குச் செலவில்லை. கேட்போர் குற்றத்தைப் பேசும் பிரசங்கத்திற்குச் சோறு செலவாகும்.

நம் சபையின் வழக்கத்தை அறியாத அன்பர்க்கு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் ஆராதனையின் நடுவில் வேத பாடம் வாசித்து, அதன்மேல் குருவானவர் அரைமணி நேரம் பேசுவது வழக்கம். அதையே பிரசங்கம் என்றும் அருளுரை என்றும் சொல்வோம். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் பல சீர்திருத்த சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அச்சபை ஆண்டுதோறும் வெளியிடும் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் உரிய பாடமும் தலைப்பும் குறிக்கப்பட்டிருக்கும். பெண்களுக்கென்றும், நோயாளிகளுக்கென்றும், இயற்கையைப் பேணுவதற்கென்றும், தாழ்த்தப்பட்டோர் விடுதலைக்கென்றும் தனி ஞாயிறுகள் உண்டு. ஆகவே சமூகத்தைப் பற்றிப் பேசக் குருமார்க்கு வாய்ப்பில்லை என்று யாரும் சொல்ல இயலாது. வாய்ப்பு இருக்கிறது, எவ்வாறு பேசுவது என்பதே கேள்வி.

மூன்று வழிகளை நாம் கண்டிருக்கிறோம். முதலாவது, விதி சொல்லுதல்: குடியாதே, வரதட்சணை வாங்காதே, சாதி பாராதே என்பது போல. இது எளிது, கேட்பவரும் எளிதாக மறப்பர். இரண்டாவது, கதை சொல்லிக் கேட்போர் வாயாலேயே தீர்ப்புச் சொல்ல வைத்தல். இதற்கு எங்கள் வேதத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. தாவீது அரசன் தன் படைவீரன் ஒருவனுடைய மனைவியைக் கவர்ந்து, அவ்வீரனையும் போர்முனையில் சாகச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசனிடம் சென்று, ஆட்டு மந்தைகள் உடைய செல்வன் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்தாக்கினான் என்று ஒரு கதையைச் சொன்னார். கேட்ட அரசன் கொதித்தெழுந்து, அவன் சாவுக்கு உரியவன் என்று தீர்ப்பளித்தான். அத்தீர்ப்பு அரசனுக்கே உரியது என்று நாத்தான் எடுத்துக் காட்டினார். ஆனைகட்டிக் குருவானவர் செய்தது இதுவே. மூன்றாவது வழி, சொன்னதைப் பந்தியில் செய்து காட்டுவது. இதுவே கடினம்; நம் தமிழ்நாட்டுச் சபை வரலாற்றில் பெரும் போராட்டம் எல்லாம் இதன்மேல்தான் நடந்தது.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழ் கற்று, தமிழில் பிரசங்கித்தனர்; சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவ்வாறு தொடங்கிய சபையில் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று பீடத்திலிருந்து சொல்லப்பட்டது. ஆனால் பீடத்தின் கீழே உட்காரும் இடம் இரண்டாக இருந்தது. உயர்குலத்தார் எனப்பட்டோர் ஒருபுறம், தாழ்த்தப்பட்டோர் மறுபுறம். நற்கருணை பெறுவதிலும் முன்பின் இருந்தது. தஞ்சை அரசரின் படையில் பணி புரிந்த இராஜநாயக்கன் என்பவர் பல இன்னல்களுக்கு நடுவே மக்களைத் திரட்டிச் சபையை வளர்த்தவர். குருப்பட்டம் அளிக்கும் காலம் வந்தபோது, 1741-இல் அது அவருக்கு அளிக்கப்படாமல் தியோகு என்பவருக்கு அளிக்கப்பட்டது. இராஜநாயக்கன் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றையோர் இசையார் என்று குருமார் அஞ்சியதே காரணம். இதை எண்ணிப் பாருங்கள். சபையை வளர்க்க அவர் கை போதுமானதாக இருந்தது. அப்பம் கொடுக்க மட்டும் ஆகவில்லை!

நூறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. 1833-ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றிலுமாக ஒழியவேண்டும் என்பது அதன் சாரம். ஒரே இருக்கை, ஒரே கிண்ணம். அவருக்கு முன்னிருந்த பேராயர் ஹீபர் 1826-இல் திருச்சியில் காலமானவர். அவர் இவ்விஷயத்தில் மென்மையாக நடந்தவர். வில்சனின் கடிதம் சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் படிக்கப்பட்டபோது சபைகள் பிளந்தன. ஏராளமானோர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். 1835-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேராயர் தாமே தஞ்சைக்கு வந்து பிரசங்கித்தார். சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. சாதி வழக்கத்தில் இவ்வளவு கண்டிப்புக் காட்டாத மற்றொரு மிஷனில் பின்னர்ச் சேர்ந்தவரும் உண்டு.

வெளியேறியவரை எல்லாம் தீயோர் என்று நாம் சொல்லத் துணியவில்லை. அப்பக்கத்தில் நின்றவர்களுள் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு பழகியவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர். இன்றும் எங்கள் வீடுகளில் அவர் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. அவரே 1829-இல் சாதி வழக்கங்களைக் காக்கவேண்டும் என்று வாதிட்டு எழுதினார். குலம் என்பது உலக வழக்கம், அது சமயத்தைத் தொடாது என்பது அவர் கருத்து. பூவும் சந்தனமும் தமிழ்ப் பண்களும் அயல்நாட்டாரால் பறிபோகின்றன என்ற வருத்தமும் அதனோடு கலந்திருந்தது. அதில் ஒரு பகுதி நியாயமே. ஆனால் பூவையும் பண்ணையும் காப்பதற்காக எழுந்த குரல், தனி இருக்கையையும் சேர்த்துக் காத்தது. பெரியோர் செய்த தவறு சிறியோர் தவறைக் காட்டிலும் நமக்குப் பாடமாகும். ஏனெனில் அவர்க்கும் நேர்ந்தது நமக்கு நேராது என்று யாரால் சொல்ல இயலும்?

அதே காலத்தில் அரசர்களைக் குறித்துப் பேச மிஷனரிமார் அஞ்சவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று 1847-இல் மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தனர். 1855-இல் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடுநாள் நின்றனர். 1859-இல் அவ்வுரிமை ஒருவாறு கிடைத்தது. இவை பெருஞ் செயல்களே. ஆயினும், கொட்டாரத்து மகாராஜாவைக் கேள்வி கேட்பது, முன்வரிசையில் அமர்ந்து காணிக்கை போடுகிறவரைக் கேள்வி கேட்பதைக் காட்டிலும் பலருக்கு எளிதாயிருந்தது என்பதும் உண்மை.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று கண்ட பின்னர் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் வேறொரு வழியை மேற்கொண்டது. 1847-இல் தன் உபதேசியார்கள் சாதியை விட்டுவிட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை எல்லோரோடும் ஒன்றாக உண்ணவேண்டும் என்று கேட்டது. அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். வேதவாக்கியங்களை மனப்பாடமாகச் சொன்ன பலர் அந்த இலையின்முன் உட்கார மறுத்து வேலையை இழந்தனர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் உடனுண்ணலையே சாதி விட்டதன் அடையாளமாகக் கொள்ளவேண்டும் என்று தீர்மானித்தது. லுத்தரன் மிஷனார் மட்டும் அதில் இசையவில்லை. வற்புறுத்தி உண்ண வைப்பது முறையா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் பொருள் உண்டு. ஆயினும் மனிதனுடைய நம்பிக்கை அவன் நாவில் இருக்கிறதா, இலையில் இருக்கிறதா என்பதை அந்த விருந்து காட்டிவிட்டது. தமிழர்க்கு இது புதிதன்று. பந்தியில் யார் அருகில் யார் என்பதே நம் ஊர்களின் எழுதாச் சட்டம் அன்றோ?

சோற்றைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அது நாம் வாழும் இந்த மலையாளக் கரையைச் சேர்ந்தது. பாசல் மிஷன் என்னும் ஜெர்மானிய, சுவிட்சர்லாந்து மிஷன் 1834-இல் மங்களூர் வந்தது. அதன் ஊழியரான குண்டர்ட் 1839 முதல் தலைச்சேரியில் தங்கி மலையாளத்திற்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். சாதியை முற்றும் விட்டாலன்றிச் சபையில் இடமில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆனால் சாதியை விட்டவன் அதே நாளில் நிலத்தையும் வேலையையும் வீட்டையும் இழந்தான். பீடத்தில் நின்று 'விடு' என்று சொன்னவர், அவன் விட்ட பின்னர் என்ன உண்பான் என்று கேட்கக் கடமைப்பட்டவர். அதனால் அவர்கள் 1844-இல் மங்களூரில் நெசவாலையும் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலையும் தொடங்கினர். கோழிக்கோட்டிலும் நம் பாலக்காட்டிலும் அவ்வோட்டுத் தொழில் பரவியது. இப்பகுதியின் பழைய வீடுகளின் கூரையில் பாசல் மிஷன் முத்திரை பதித்த ஓடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் குறையும் இருந்தது: வேலை தருபவரும் ஞானோபதேசம் செய்பவரும் ஒருவரே ஆனதால் தொழிலாளி வாய் திறக்க அஞ்சினான். முதல் உலகப் போரை ஒட்டி அத்தொழிற்சாலைகள் கைமாறின. எனினும், பிரசங்கத்தின் விலையைக் கேட்பவன் தலையில் மட்டும் சுமத்தாத பிரசங்கிகள் அவர்கள். இதற்காக அவர்களை மதிக்கிறோம்.

அயல்நாட்டார் கதையோடு நிறுத்தினால் நம்மவர்க்கு நீதி செய்தவர் ஆகோம். நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றவர். தமிழர் தம் காணிக்கையாலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பவேண்டும் என்றார். பின்னர்த் தாமே சென்றார். 1912 திசம்பர் 29-ஆம் நாள் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. இதற்கு முன்பே, 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது, எதிரே நிறைந்திருந்த வெள்ளை மிஷனரிமாரை நோக்கி அவர்கள் குற்றத்தையே பேசினார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் வருத்திக்கொண்டீர்கள். ஆனால் எங்களை நண்பராக ஏற்கவில்லை என்பது அதன் கருத்து. உதவி செய்பவன் மேலே நிற்கலாம். நண்பன் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். கேட்டவர் பலர் முகம் சுளித்தனர். இன்று அம்மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அப்பேச்சையே. பின்னர் அவர் தம் பேராயத்தில் மாலர், மாதிகர் என்னும் இரு தாழ்த்தப்பட்ட குலத்தாரிடையே உழைத்து, குடியையும் சாதியையும் இறுதிவரை எதிர்த்து, 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார்.

நமக்கு அண்மைக் காலத்தில் இவ்வழியில் நடந்தவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணி செய்த தியாப்பிலஸ் அப்பாவு ஐயர். 'பறட்டை' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர், 2005-இல் காலமானார். தாழ்த்தப்பட்ட மக்களிடையே பிறந்த அவர், நாட்டுப்புற மெட்டுகளையும், ஒரு காலத்தில் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அவர் போதனையின் நடுவிலிருந்தது ஒரே உலை. ஒரே உலையில் பொங்கிய சோற்றை எல்லோரும் பகிர்ந்துண்பதே நற்கருணையின் பொருள் என்றார். 1741-இல் இராஜநாயக்கன் கையால் அப்பம் வாங்க அஞ்சிய சபைக்கு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு கழித்து வந்த மறுமொழி என்றே நாம் அதைக் கருதுகிறோம்.

இவ்வளவும் சொன்னதால் எங்கள் சபை குற்றமற்றது என்று நீங்கள் எண்ணவேண்டாம். 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. எங்கள் பீடங்களிலும் அதைக் கண்டித்துப் பேசாத ஆண்டில்லை. ஆயினும் பேசிய குருவானவரையே அழைத்து, நகையும் ரொக்கமும் பேசி முடித்த திருமணங்களை ஆசீர்வதிக்கச் செய்கிறோம். மணமகன் தேவை என்னும் விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரையும் அச்சிடுகிறோம். சபைத் தேர்தல்களில் யார் எந்தக் குலம் என்று எண்ணியே வாக்குக் கேட்கிறார்கள். பெண்களைப் பற்றிய பிரசங்கங்களை நெடுங்காலம் ஆண்களே செய்தனர். தென்னிந்தியத் திருச்சபை 1976-இல்தான் முதன்முதல் ஒரு பெண்மணிக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலில் பேராயர் ஆனார். நன்மை வருகிறது, மெல்ல வருகிறது.

பிறர் குற்றத்தைப் பேசுவதற்குச் செலவில்லை என்று தொடக்கத்தில் சொன்னோம். ஆகவே நம் குற்றம் ஒன்றைச் சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது முறையன்று.

சென்ற ஆண்டு நம் சங்க ஆண்டு விழாவில் பந்தி விசாரணை நம் பொறுப்பில் இருந்தது. இலைக்கணக்கும் சமையற்காரர் கணக்கும் நம் கையெழுத்தில் உள்ளன. நம் காலனியின் தெருவையும் சாக்கடையையும் துப்புரவு செய்யும் ஆறு குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். கோவைச் சீமையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுபவர். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர், சங்க உறுப்பினர் அல்லர் என்று ஒரு காரணம் சொல்லி, அவர்களுக்கு மண்டபத்தின் பின்வாசலில் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். குறை யாதும் வைக்கவில்லை. பாயசமும் தனித் தூக்கில் அனுப்பினோம். ஒரு சிறுமி, பத்து வயதிருக்கும், அன்று காலைக் குறள் ஒப்புவிக்கும் போட்டியில் கலந்துகொள்ள வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் பின்வாசலில் நின்று, "ஐயா, உள்ளே இலை போட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "பொட்டலம் வாங்கிக்கொண்டு போ அம்மா" என்றோம். அன்புடனேயே சொன்னோம். அதுவே இன்று நம்மைச் சுடுகிறது. அன்போடு சொன்னதால் அது நமக்குக் குற்றமாகத் தோன்றவே இல்லை.

அதன்பின் நான்கு மாதங்கள் கழித்தே நாம் ஆனைகட்டிக்குச் சென்றோம். தோட்டக்காரர் கதையைக் கேட்டு, முன்வரிசையில் இருந்தவரை மனத்துக்குள் கண்டித்துக்கொண்டு திரும்பும் வழியில், பேருந்து தடாகத்து இறக்கத்தில் இறங்கும்போது, அச்சிறுமியின் குரல் நம் காதில் விழுந்தது. தஞ்சையில் வெளியேறியவரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அன்பின் விருந்தில் உட்கார மறுத்தவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். நாமோ மறுத்தவரினும் தாழ்ந்தவர் ஆனோம். அவர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். நாம் இலையே போடவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்த ஆறு வீடுகளுக்கும் சென்றோம். உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், குடித்தோம். இத்தனை ஆண்டுகளில் அவ்வீடுகளில் நாம் குடித்த முதற் காப்பி அதுதான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம். சங்கத்தில் சேர விருப்பமா என்று கேட்டோம். ஒரு பெரியவர், "சேர்த்துக்கொள்வார்களா?" என்று மட்டும் கேட்டார். ஆறு குடும்பத்தாரும் மற்றவர் செலுத்தும் அதே ஆண்டுச் சந்தாவைச் செலுத்தியிருக்கிறார்கள். ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறோம். அத்தொகை செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, விண்ணப்பங்கள் செயற்குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கின்றன. இதில் உறுப்பினர் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவோம். நம்மோடு நெடுநாள் பழகியவர் ஒருவர், உமக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுவிட்டு இரண்டு வாரமாகப் பேசாதிருக்கிறார். அவர்மேல் நமக்குச் சினமில்லை; சென்ற ஆண்டு நாமும் அவரைப் போலவே இருந்தோம்.

நாம் குருவானவர் அல்லோம். இம்மேடை பிரசங்க பீடமும் அன்று. யாரையும் வற்புறுத்தும் உரிமையும் நமக்கில்லை. ஆயினும் செயற்குழுவினர் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம். அந்த ஆறு குடும்பங்களின் பெயரையும் உறுப்பினர் பட்டியலில் சேர்க்கவேண்டும். குறள் ஒப்புவிக்கும் போட்டிக்குக் காலனியில் வாழும் தமிழ்ப் பிள்ளை எவரும் வரலாம் என்று விதியைத் திருத்தவேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் பின்வாசலில் பொட்டலம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, எல்லோர்க்கும் மண்டபத்தினுள்ளே ஒரே பந்தியில் இலை போடவேண்டும். பந்தி விசாரணை அவ்வாண்டும் நம்மிடமே விடப்படுமாயின் மகிழ்ச்சியுடன் ஏற்போம். விடப்படாவிடினும், அச்சிறுமியின் குடும்பத்தார் அமரும் வரிசையில் நாமும் நம் மனைவி மக்களும் அமர்வோம்.

ஆனைகட்டிக் குருவானவர்க்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்று நீங்கள் கேட்கக் கூடும். சென்ற மாதம் உறவினரிடமிருந்து செய்தி வந்தது. வேறு வழியாய்ப் போன அந்தத் தோட்டக்காரர் மூன்று ஞாயிறு ஆலயத்திற்கு வரவில்லையாம். நான்காம் ஞாயிறு வந்தாராம்; பின்வரிசையில் உட்கார்ந்தாராம். கூலியைத் திருத்தினாரா என்பது தெரியவில்லை. குருவானவர் வழக்கம்போல் வாசலில் நின்று கையை நீட்டினாராம், அவரும் நீட்டினாராம்.